கீச்சிடும் பின்சக்கரம்: எண்ணெய் விடுவதற்கு முன்

2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தன்னுடைய கிளாசிக் 350 வண்டிகளில் 26,300-ஐச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான வண்டிகள் அவை. எல்லாமே பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள மாடல்கள். பின்பிரேக்கின் விசையைத் தாங்குவதற்காக ஸ்விங் ஆர்மில் வைத்திருந்த ஒரு சிறிய தாங்கியில்தான் சிக்கல். பெடலை மிதமிஞ்சிய பலத்தோடு மிதித்தால் அந்தத் தாங்கி சேதமாகலாம், பிரேக் பிடிக்கும்போது வழக்கத்துக்கு மாறான சத்தம் வரலாம், கடைசியில் பிரேக்கின் பிடிப்பே குறைந்துபோகலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

அந்த அறிவிப்பில் இருந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சத்தம், பிறகு பிரேக் குறைவு. கோளாறு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. காவிரி டெல்டாவில் அந்த முதல் கட்டத்தைத்தான் நாம் பெரும்பாலும் கோட்டைவிடுகிறோம். பால்கேன் கட்டிய வண்டி, உரமூட்டை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகும் நூறு சிசி வண்டி என்று பின்வீல் கீச்சிட்டபடி ஓடும் வண்டிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பட்டறையில் போய்ச் சொன்னால், “ரெண்டு சொட்டு ஆயில் விடுங்கண்ணே, சரியாப்போயிடும்” என்ற பதில் கிடைக்கிறது. அந்த இரண்டு சொட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அது வைத்தியமாகவும் இருக்கலாம், உயிருக்கே உலையாகவும் முடியலாம். சத்தத்தை அடக்குவதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

இந்தப் பகுதியில் பின்சக்கரத்துக்கு வரும் சோதனைகள் நகரத்து வண்டிகளுக்கு வராதவை. தை, மாசியில் சம்பா அறுவடை முடியும் நேரத்தில் ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி போகும் சாலையிலோ, நீடாமங்கலம், அம்மாப்பேட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது, இன்னொரு பாதியில் வைக்கோல் சிதறிக் கிடக்கிறது. அதன்மேல் ஓடும் வண்டியின் பின்வீல் ஆக்ஸிலில் வைக்கோல் பிரிபிரியாகச் சுற்றிக்கொள்ளும். நெல் சுணையும் பதர்த்தூசியும் பிரேக் டிரம்முக்கும் அதன் மூடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாக உள்ளே போய்ப் படியும். நடவுக்காலம் வந்தால் டிராக்டரின் கேஜ் வீல் வயலிலிருந்து அள்ளிவரும் சேறு தார்ச்சாலையில் கட்டிகட்டியாக விழுந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெண்ணாறும் வெட்டாறும் நிரம்பி வாய்க்கால்கள் வழியும்போது தரைப்பாலத்துத் தண்ணீரில் பாதி வீல் மூழ்கத்தான் வண்டியை ஓட்டுகிறோம். டிரம் பிரேக் தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்து செயினையும் பேரிங்கையும் அரிக்கிறது.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. வீட்டு அளவில் கட்டும் மூட்டை இன்னும் கனமாக இருக்கும். இரண்டு மூட்டையும் ஓட்டுபவரும் சேர்ந்தால் அந்தப் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல்தான் இறங்குகிறது. ஸ்போக்ஸ், பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், டயர் எல்லாம் அதை வாங்கிக்கொள்கின்றன. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

இனி சத்தத்துக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவியும் எடுத்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். டயரை மட்டும் கையால் சுற்றுங்கள், செயின் பக்கம் விரல் போகக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, வீல் சுழலும்போதே துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. துணி ஒரு பல்லில் மாட்டினால் போதும், ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே விரல் போய்விடும். கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. வீட்டில் வண்டி துடைக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும்.

வீலைச் சுற்றும்போது சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள். டயர் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் சரியாக ஒரு முறை கீச்சிட்டால், வீலோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று ஒரே இடத்தில் உரசுகிறது என்று அர்த்தம். அது நெளிந்த ரிம்மாக இருக்கலாம், ஒருபக்கம் தேய்ந்து முட்டை வடிவாகிப்போன டிரம்மாக இருக்கலாம், மட்கார்டில் தட்டும் டயராகவும் இருக்கலாம். 18 அங்குல ரிம் உள்ள வண்டியில் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடும். ஆகவே 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று கீச்சு கேட்கும். வேகம் கூடக்கூடத் தாளமும் நெருக்கமாகும்.

செயினின் கணக்கு வேறு. பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல், செயினில் 112 கண்ணி என்று வைத்துக்கொண்டால் செயின் ஒரு முழுச்சுற்று வருவதற்குள் டயர் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். சத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் வராமல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால், துருவேறி இறுகிப்போன ஒரு கண்ணியைத் தேடுங்கள். செயினைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால், மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணி கண்ணிலேயே தெரியும். எஞ்சின் இழுக்கும்போது மட்டும் சத்தம் வந்து, கிளட்ச் பிடித்து வண்டியை உருளவிட்டால் நின்றுவிடுகிறது என்றாலும் சந்தேகம் செயின் மேலும் ஸ்ப்ராக்கெட் மேலும்தான் போக வேண்டும். இதற்கு மண்ணெண்ணெயால் துடைத்து 90 நம்பர் ஆயில் விடுவதும், தொய்வைச் சரிசெய்வதும் போதும். பல மாடல்களில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது புத்தகத்திலோ செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும்.

செயினை இறுக்கியதோடு வேலை முடிந்துவிடாது. இறுக்கும்போது பின்வீல் கொஞ்சம் பின்னுக்கு நகர்கிறது, அதோடு பிரேக் ராடும் இழுபடுகிறது. பிரேக் நட்டைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். “செயின் டைட் பண்ணினதிலேருந்துதான் கத்துது” என்று சொல்பவர்களில் பலருக்கும் நடந்தது இதுதான். நல்ல மெக்கானிக் செயின் வேலை முடிந்ததும் வீலைச் சுற்றிப் பார்த்து, பெடலை மிதித்துப் பார்த்து, பிறகுதான் வண்டியைத் தருவார்.

பிரேக் மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் லைனிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்காதபோது கீச்சிட்டு, லேசாக மிதித்தால் நின்றுவிட்டால், ஷூ முழுதாக விலகாமல் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். மழைக்கு மறுநாள் காலை முதல் நாலைந்து பிரேக்குக்குச் சத்தம் வந்து பிறகு அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. இரவில் டிரம்மில் படிந்த மெல்லிய துரு தேய்ந்து போகும் சத்தம் அது. ஐந்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் கேட்டால் வீலைக் கழற்றத்தான் வேண்டும்.

அறுவடைக்குப் பிறகு கழற்றிய ஒரு பின்வீலின் உட்புறம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மூடித்தட்டை இழுத்ததும் சாம்பல் நிறத் தூள் கொட்டும். அதில் பாதி லைனிங் தேய்ந்த தூள், மீதி வயல் மண்ணும் பதரும். ஷூவின் ஓரத்தில் மண் ஈரத்தோடு அப்பிக் காய்ந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் லைனிங் கண்ணாடி போல மின்னும். சூட்டில் இறுகிப் பளபளப்பேறிய அந்த மேற்பரப்பு டிரம்மைப் பிடிக்காது, வழுக்கி அதிரும். நாம் கேட்கும் கீச்சு அந்த அதிர்வுதான். லைனிங்கில் இன்னும் கனம் இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மினுக்கத்தை எடுத்துவிட்டு, டிரம்மின் உட்புறத்தையும் துடைத்துப் போடலாம். தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றிவிட வேண்டும். ஒரு ஷூவை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது.

தேய்ந்துவிட்டதா என்பதை வீலைக் கழற்றாமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, நம்மில் பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை. மூடித்தட்டின் வெளிப்பக்கம், பிரேக் கை பொருந்தும் இடத்தில், ஒரு சின்ன அம்புக்குறியும் தட்டில் ஓர் அடையாளமும் பல வண்டிகளில் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. டிரம்முக்கும் ஒரு வரம்பு உண்டு. உட்புறத்தில் அதிகபட்ச விட்டத்தை எண்ணாகப் பொறித்திருப்பார்கள். 110 மில்லிமீட்டர் டிரம்முக்கு 111, 130-க்கு 131 என்பது வழக்கமான அளவு. ஒரு மில்லிமீட்டர்தான் நமக்குத் தந்திருக்கும் சலுகை. அதைத் தாண்டிய டிரம்மில் புது ஷூ போட்டாலும் சரியாகப் படியாது, சத்தமும் போகாது.

உள்ளே ஷூவை விரிக்கும் கேம் என்ற துண்டும் வறண்டு போகும். அது துருப்பிடித்து இறுகினால், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாது. கழற்றித் துடைத்து, மிகக் குறைவாகக் கிரீஸ் தடவ வேண்டிய இடம் அது. வெளியிலிருந்து ஆயிலை ஊற்றக் கூடாது. இங்கே விடும் ஆயில் சூட்டில் இளகி லைனிங்குக்கு வழிந்துவிடும். சத்தம் உடனே நின்றுவிடும், உண்மைதான். பிடிப்பும் கூடவே போய்விடும். பெரிய கோயில் பக்கம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது தெரியாது. திருவையாற்றுச் சாலையில் எதிரே பேருந்து வரும்போது மிதித்தால்தான் தெரியும். ஆயிலில் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கும் இதே விதிதான். டிஸ்க் தட்டிலோ பேடிலோ ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது.

இந்தத் தூளைப் பற்றி மெக்கானிக்குகளுக்கும் அவர்களிடம் தொழில் பழகும் தம்பிகளுக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரெஸர் காற்றால் ஊதுவதும், வாயால் ஊதுவதும் பட்டறைகளில் சர்வசாதாரணம். வெகுகாலம் பிரேக் லைனிங்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்துதான் செய்யப்பட்டன. இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்குகள் வந்துவிட்டாலும், பழைய வண்டியில் இருப்பது எது, பெயர் தெரியாத அட்டைப்பெட்டியில் விற்கும் மலிவு ஷூவில் இருப்பது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இழை நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். இருபது வயதில் ஊதிய தூளுக்கு ஐம்பது வயதில் விலை கொடுக்க நேரும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும், தண்ணீர் தெளித்துக் கழுவுவதும், மூக்கை மூடிக்கொள்வதும் பெரிய செலவு வைக்கும் காரியங்கள் இல்லை. வண்டி கொண்டுபோகும் நாமே, “ஊதாதீங்க தம்பி, நனைச்சுத் துடைங்க” என்று சொல்லலாம்.

பேரிங் கெடும்போது சத்தம் வேறு மாதிரி வளரும். முதலில் மெலிதாகக் கீச்சிடும், பிறகு ஒரே சீராக உறுமும், கடைசியில் கரகரவென்று அரைக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் டயரை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக்டக்கென்று ஆட்டம் கொடுத்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. நம் பகுதியில் பேரிங்குக்குப் பெரிய எமன் வாட்டர் சர்வீஸ்தான். சேறு போக வேண்டும் என்று அழுத்தமான தண்ணீரை நேராக ஆக்ஸில் நடுவில் பீய்ச்சினால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்க் கிரீஸைக் கரைத்துவிடும். தண்ணீரைச் சாய்வாக, தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். சுற்றிய வைக்கோலைக் கையால் வெடுக்கென்று இழுக்காமல் கத்தியால் அறுத்து எடுங்கள். இறுகச் சுற்றிய வைக்கோல் சீலைக் கிழித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உட்காரும்போதும் மேடுபள்ளத்தில் இறங்கும்போதும் மட்டும் கிரீச்சிட்டால் அது ஷாக் அப்சார்பர் புஷ் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ். பாரம் ஏற்றினால் மட்டும் டிக் டிக்கென்றால் ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கலாம். இவற்றை ஒரு பட்டறை ஒரே நாளில் முடித்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது ஷூவைத் தாங்கும் மூடித்தட்டும் டிரம்மோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடித்து நிறுத்துவதற்குப் பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலிருந்து ஓர் இரும்புத்தகடோ ராடோ போகும். அதன் நட்டு கழன்று விழாதபடி ஒரு சிறிய ஸ்ப்ளிட் பின் காவல் நிற்கும். வீலைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பின்னைத் திரும்பப் போட மறந்தாலோ, பின்னுக்குப் பதில் கம்பித்துண்டைச் செருகினாலோ, நட்டு மெல்ல மெல்லக் கழலும். ராடு விடுபட்ட நிலையில் பிரேக்கை மிதித்தால் தட்டு சுழன்று, பிரேக் ராடு முறுக்கிக்கொண்டு, பின்வீல் ஓடுகிற ஓட்டத்தில் இறுகிப்போகும். 2021-இல் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் இருந்த தாங்கியும் இதே விசையைத் தாங்கும் வேலைக்காக வைத்ததுதான். பஞ்சர் ஒட்டி வீல் மாட்டியதும் குனிந்து அந்தப் பின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சத்தம் போடும் வண்டியைத் தெரிந்தே ஓட்டினால் சட்டம் உரிமையாளரிடமும் கேள்வி கேட்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த கோளாறு மட்டுமல்லாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறோடு பொது இடத்தில் வண்டி ஓட்டுவதையும் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் கோளாற்றால் விபத்தாகி யாருக்காவது காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பின்வீல் பக்கம் புடவை சிக்காமல் இருக்கக் காவல்தடுப்பு வைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி, பின்வீலில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்பு நெளிந்து டயரில் உரசிக் கீச்சிட்டால் நிமிர்த்தி மாட்டச் சொல்லுங்கள். சத்தம் போகட்டும் என்று கழற்றி வீசிவிட்டால் பின்னால் உட்காரும் பெண்ணின் கழுத்துக்கும் காலுக்கும் இருந்த ஒரே காவலை எடுத்துவிடுகிறோம்.

இப்போது உரிமைகள். வண்டி வாரண்டியில் இருக்கும்போது பின்வீல் கீச்சிட்டால் சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எப்போது, எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா பிடிக்காதபோதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே புகாரோடு இரண்டாவது, மூன்றாவது முறை போகும்போது ஒவ்வொரு ஜாப் கார்டின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். பிற்பாடு இது உற்பத்திக் குறை என்று வாதாட நேர்ந்தால் அந்தக் காகிதங்கள்தான் சாட்சி. செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து வைப்பதும் உதவும்.

பிரேக் ஷூ, செயின் போன்றவை தேய்மானப் பொருள்கள், வாரண்டியில் வராது என்று சொல்வார்கள். வாரண்டி புத்தகத்திலும் அப்படித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆனால் ஓடித் தேய்வதும், தவறாகப் பொருந்தியதால் தேய்வதும் ஒன்றல்ல. புது வண்டியில் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு ஷூ மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால், ஷூவுக்குக் காசு கேட்பதற்கு முன் ஏன் அப்படித் தேய்ந்தது என்று அவர்கள் எழுத்தில் விளக்க வேண்டும் என்று கேளுங்கள்.

தெருமுனைப் பட்டறையிலும் பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாளும் பார்க்கும் அண்ணனிடம் பில் கேட்பதா என்று தயங்குகிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கையாகச் சொல்கிறது. என்ன பாகம், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தேதி போட்டுத் தந்தாலும் அது ஓர் ஆதாரம். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் போட்டதன் அட்டைப்பெட்டியைப் பார்த்து, கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, விலையும் தயாரித்த மாதமும் அச்சாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். போலி ஷூ மலிவு என்று போட்டால் நட்டம் பிரேக்கில்தான் தெரியும்.

பேசித் தீரவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் உண்டு. வண்டியைத் திருச்சியில் வாங்கியிருந்தாலும் கம்பெனி சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போட 2019 சட்டம் வழிசெய்திருக்கிறது. இது பெரிய மாற்றம். பாபநாசத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். புகாரை ஏற்பதா என்பதை 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. பொருளைப் பரிசோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையமே தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். குறையை நீக்கச் சொல்லவும், வேறு வண்டி தரச் சொல்லவும், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும், இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் விதிக்கலாம்.

பால் ஊற்றுபவரும், மீன் விற்பவரும், தேங்காய் ஏற்றிப் போகிறவரும், “நான் வியாபாரத்துக்கு வண்டி வச்சிருக்கேன், எனக்கு இந்தச் சட்டம் பொருந்தாதே” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பொருந்தும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று தள்ளக் கூடாது என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. வண்டிக் குறையால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் பழுதுபார்த்தவரையும் பொறுப்பாக்க இதே சட்டத்தில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் தனி அத்தியாயமாக இருக்கின்றன.

ஒரே கோளாறு ஒரே மாடலில் பலருக்கும் வந்தால் விஷயம் தனிமனிதர் வழக்கைத் தாண்டிப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 110-ஏ பிரிவின்படி, ஓட்டுபவருக்கோ பயணிக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்தான குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிட முடியும். 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. உரிமையாளர்கள் பரிவாஹன் தளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். எத்தனை பேர் புகார் செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அரசு விசாரணைக்குப் போகும். தனக்கு மட்டும்தான் இந்தச் சத்தம் என்று நினைத்துப் பேசாமல் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் ஒரு எண்ணைக் குறைக்கிறார்.

திரும்ப அழைக்கும் அறிவிப்பு சேஸிஸ் எண்ணோடு பிணைந்தது, வண்டியை முதலில் வாங்கியவர் யார் என்பதோடு அல்ல. டெல்டாவில் வண்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அறுவடைப் பணத்தில் பழைய வண்டி வாங்குபவர்கள் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நிறுவனம் அழைத்தால் தகவல் பழைய உரிமையாளரின் செல்போனுக்குத்தான் போகும். வாங்கிய 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ, இந்த வண்டிக்கு ஏதாவது அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தைய உரிமையாளர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இப்போது நீங்கள் செய்துகொள்ளலாம். அந்த வேலைக்கு உங்களிடம் காசு கேட்டால், எந்த விதியின் கீழ் கேட்கிறார்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.